போத்தலில் எது, போனில் எது: ஐரோப்பிய வைன் லேபலின் புதிய கணக்கு

இலங்கையின் கிழக்கில் அறுகம்பே, பாசிக்குடாப் பக்கம் சுற்றுலா விடுதிகளில் வேலை செய்பவர்கள் கவனித்திருக்கலாம். ஐரோப்பிய வைன் போத்தல்களின் பின்பக்கத்தில் இப்போது ஒரு சின்ன கியூஆர் சதுரம் இருக்கிறது. பக்கத்தில் ‘சேர்மானம்’ என்று பொருள்படும் ஒரு சொல், கீழே ‘ஈ’ என்ற ரோமன் எழுத்தோடு ஓர் எண். விளம்பரம் என்று நினைத்துக் கடந்து போனால் அதோடு சரி. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ வீட்டு அறையில் கணினியை வைத்துக்கொண்டு, பாரிசிலும் பெர்லினிலும் கடை நடத்தும் உறவுக்காரர் மூலம் வரும் லேபல் வேலைகளைச் செய்பவருக்கு மட்டும் அந்தச் சதுரம் தலைவலி. “ஒரு கியூஆர் போட்டுவிடு தம்பி, சட்டத்துக்கு அது போதும்” என்று வாடிக்கையாளர் சொல்வார். அது போதாது. ஏன் போதாது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

வைனுக்கு மட்டும் இத்தனை நாள் ஏன் விலக்கு?

ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவு லேபலுக்கான பொதுச் சட்டம் 1169/2011 என்ற ஒழுங்குவிதி. பிஸ்கட், ஜாம், சோடா எதுவானாலும் சேர்மானப் பட்டியலும் ஊட்டச்சத்து அட்டவணையும் வேண்டும் என்கிறது. ஆனால் அதன் 16ஆம் உறுப்புரையில் ஒரு கதவு திறந்திருக்கிறது: 1.2 சதவீதத்துக்கு மேல் மதுசாரம் உள்ள பானங்களுக்கு இந்த இரண்டும் கட்டாயமில்லை. அதனால்தான் ஒரு சோடா போத்தலில் பத்து வரி எழுத்து, வைன் போத்தலில் ஒரு கோட்டைப் படமும் ஆண்டும் மட்டும்.

வைனைப் பொறுத்தவரை அந்தக் கதவை மூடியது 2021/2117 என்ற ஒழுங்குவிதி. 2021 டிசம்பரில் நிறைவேறி, 2023 டிசம்பர் 8 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன் தயாரித்து முடித்த வைனுக்குப் பழைய லேபலே போதும், கையிருப்பு தீரும்வரை விற்கலாம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வடக்கு நாடுகளில் அறுவடை செப்டம்பர், ஒக்டோபரில் முடிந்துவிடும். டிசம்பர் 8க்குள் நொதித்து முடிந்த 2023ஆம் ஆண்டு வைனும் விலக்குக்குள் வரும். ஆகவே 2023 என்று போட்ட போத்தலில் கியூஆர் இல்லை என்பதற்காக அதைச் சட்டவிரோதம் என்று சொல்லிவிட முடியாது. 2024 அறுவடைக்கு அந்தச் சாக்கு இல்லை.

மூன்று இடங்கள்: கண்ணாடி, திரை, எங்கும் இல்லை

லேபலில் இருக்க வேண்டியதெல்லாம் இப்போது போனுக்குப் போய்விட்டது என்பதுதான் இந்த விதியைப் பற்றிய பெரிய தவறான எண்ணம். உண்மையில் தகவல் மூன்றாகப் பிரிகிறது.

1. போத்தலிலேயே இருந்தாக வேண்டியவை. பொருளின் வகை, மதுசார அளவு, கொள்ளளவு, எங்கே விளைந்தது, யார் போத்தலில் அடைத்தார், இறக்குமதியானால் யார் இறக்கினார், தொகுதி எண் எல்லாம் பழையபடியே. இவற்றோடு ஒவ்வாமைப் பொருள்களும், 100 மில்லிலீற்றருக்கு எவ்வளவு சக்தி என்ற எண்ணும் சேரும். சக்தியை ‘ஈ’ என்ற ஒற்றை எழுத்தால் குறிக்கலாம். கட்டாய விவரங்களின் எழுத்து 1.2 மில்லிமீற்றரை விடச் சிறிதாகக் கூடாது.

2. திரைக்குப் போகலாம் என்று அனுமதிக்கப்பட்டவை. முழுச் சேர்மானப் பட்டியல், முழு ஊட்டச்சத்து அட்டவணை. ‘போகலாம்’ என்பதுதான் சொல். விரும்பினால் இரண்டையும் லேபலிலேயே அச்சடிக்கலாம். ஒரே நாட்டில், ஒரே மொழியில் மட்டும் விற்கும் சிறிய தோட்டக்காரருக்கு அதுவே சுலபம் என்பது என் கருத்து. கியூஆர் இல்லை, இணையப் பக்கம் இல்லை, வருடாவருடம் அதற்குக் கட்டணமும் இல்லை.

3. எங்கும் சொல்லத் தேவையில்லாதவை. தயாரிப்பில் பயன்பட்டு, பிறகு நீக்கப்படும் துணைப் பொருள்கள். வைனைத் தெளிய வைக்கும் பென்டனைட் களிமண், நொதிக்க வைக்கும் ஈஸ்ட் போன்றவை.

ஒவ்வாமை ஏன் போத்தலை விட்டு நகரக் கூடாது என்பது எளிதில் விளங்கும். போனில் டேட்டா முடிந்தவருக்கும், போனே இல்லாதவருக்கும் உயிராபத்தான தகவல் தெரிந்தாக வேண்டும். ஒரு லீற்றரில் 10 மில்லிகிராமுக்கு மேல் சல்பைட் இருந்தால் “சல்பைட் கொண்டது” என்று எழுத வேண்டும். முட்டை வெள்ளையோ பால் புரதமோ தெளிவிக்கப் பயன்பட்டு எச்சம் இருந்தால் அதையும் எழுத வேண்டும். இவை திரையில் உள்ள பட்டியலிலும் மறுபடி வரும், அங்கே தடித்த எழுத்திலோ வேறு விதமாகவோ தனித்துத் தெரிய வேண்டும்.

மூன்றாவது பிரிவு நம் பக்கத்து வாசகருக்கு முக்கியம். மரக்கறி மட்டும் உண்பவரோ, மிருகப் பொருள் கலக்காததைத் தேடுபவரோ பட்டியலைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. தெளிவிப்பதற்கு மீனின் நீந்துபையிலிருந்து எடுக்கும் பசையை ஐரோப்பாவில் காலங்காலமாகப் பாவிக்கிறார்கள். மீன் ஒவ்வாமைப் பட்டியலில் இருந்தாலும் வைனுக்கும் பியருக்கும் இந்தப் பசைக்கு விலக்கு உண்டு. மீன் பாடும் ஊரான மட்டக்களப்பிலிருந்து லேபல் வரைபவர்கூட அந்த மீனை லேபலில் காண மாட்டார். ஆகவே “பட்டியலில் இல்லை, அப்படியானால் சேரவில்லை” என்று இணையப் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

சேர்மானப் பட்டியல் எப்படி எழுதப்படுகிறது

விவரங்கள் 2023/1606 என்ற துணை ஒழுங்குவிதியில் இருக்கின்றன. முதலில் ‘திராட்சை’. அப்புறம் சேர்த்தவை, எடையின் இறங்குவரிசையில். இரண்டு சதவீதத்துக்கும் குறைவானவை கடைசியில் எந்த ஒழுங்கிலும் வரலாம். சேர்க்கைப் பொருளுக்கு அதன் வேலையையும் பெயரையும், அல்லது வேலையையும் அதன் ‘ஈ’ குறியீட்டு எண்ணையும் எழுதலாம் (இது சக்தியைக் குறிக்கும் ‘ஈ’ அல்ல). உதாரணம்: “அமிலச் சீராக்கி: டார்டாரிக் அமிலம்” அல்லது “அமிலச் சீராக்கி: ஈ 334”. சல்பைட் போன்ற ஒவ்வாமைப் பொருளுக்கு மட்டும் எண் உதவாது, பெயரே வேண்டும்.

வைன்காரர் கேட்டு வாங்கிய ஒரு சலுகையும் உண்டு. அமிலத்தைச் சீராக்கும் பொருள்களும் நிலைநிறுத்தும் பொருள்களும் ஒவ்வொரு வருடமும் மாறும். வெயில் கூடிய வருடம் டார்டாரிக் அமிலம், இன்னொரு வருடம் வேறு. ஒவ்வொன்றுக்கும் பட்டியலை மாற்றாமல், “இவற்றில் ஒன்றோ பலவோ இருக்கலாம்” என்ற முறையில் மூன்று பெயர்வரை எழுதலாம். குறைந்தது ஒன்றாவது கடைசி வைனில் இருக்க வேண்டும்.

மிகவும் குழப்புவது சீனி. குளிரான பகுதிகளில், திராட்சையில் இனிப்புக் குறைந்த வருடங்களில், மதுசார அளவைக் கூட்ட நொதிப்பதற்கு முன் சீனி சேர்ப்பதுண்டு. அந்தச் சீனி நொதித்து மதுசாரமாகிவிடும், குடிப்பவரின் நாக்குக்கு எட்டாது. ஆனாலும் சேர்த்த பொருள் என்பதால் பட்டியலில் வரும். ஊட்டச்சத்து அட்டவணையில் ‘சீனி’ வரிசையிலோ கிட்டத்தட்ட ஒன்றும் இருக்காது. ஒரே பக்கத்தில் மேலே சீனி இருக்கிறது, கீழே இல்லை. வாடிக்கையாளர் இதைப் பிழை என்று திருத்தச் சொன்னால், இரண்டும் சரி என்று விளக்க வேண்டியது டிசைனர்தான்.

சக்தியின் ‘ஈ’ எண் எங்கிருந்து வருகிறது

ஆய்வுகூடத்துக்கு அனுப்பித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றில்லை. தெரிந்த சராசரி அளவுகளை வைத்துக் கணக்கிடலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. ஒரு கிராம் மதுசாரத்துக்கு 29 கிலோஜூல் அல்லது 7 கிலோகலோரி. மாப்பொருளுக்கும் சீனிக்கும் 17 அல்லது 4. கிளிசரோல் போன்ற பொலியோல்களுக்கு 10 அல்லது 2.4. கரிம அமிலங்களுக்கு 13 அல்லது 3.

12 சதவீத வைன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 100 மில்லியில் 12 மில்லி மதுசாரம். அதன் அடர்த்தி 0.789 என்பதால் எடை ஏறக்குறைய 9.5 கிராம். அதற்கு மட்டும் 275 கிலோஜூல், 66 கிலோகலோரி. மிச்சத்தை உதாரணத்துக்கு இப்படி வைப்போம்: சீனி 0.5 கிராம், கிளிசரோல் 0.8 கிராம், அமிலம் 0.6 கிராம். ஒவ்வொன்றும் சுமார் 8 கிலோஜூல், 2 கிலோகலோரி. ஆகக் கூட்டினால் சுமார் 300 கிலோஜூல், 72 கிலோகலோரி. போத்தலில் வருவது இந்த எண்.

இங்கே நம் நாட்டுச் சோடாப் போத்தலில் உள்ள நிற வட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2016 முதல் இருக்கும் அந்த விதிப்படி 100 மில்லிக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் குறைந்தால் பச்சை. மேலே கணக்கிட்ட வைனுக்கு அந்த வட்டத்தைப் போட்டால் பச்சை விழும். ஆனால் அதன் சக்தியில் பத்தில் ஒன்பது பங்கு மதுசாரத்திலிருந்துதான் வருகிறது. சீனியைப் பார்த்து மட்டும் ‘லேசானது’ என்று முடிவெடுக்க முடியாது. ஐரோப்பியர் சீனியைத் திரைக்கு அனுப்பிவிட்டு சக்தியைப் போத்தலில் நிறுத்தியதை இந்த ஒரு விஷயத்தில் நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஓர் எழுத்தால் வந்த குழப்பம்

விதி நடைமுறைக்கு வருவதற்கு இரண்டு கிழமைக்கு முன், 2023 நவம்பர் 24 அன்று ஐரோப்பிய ஆணையம் விளக்கக் குறிப்பு ஒன்றை வெளியிட்டது. அதற்குள் பல தயாரிப்பாளர்கள் கியூஆருக்குப் பக்கத்தில் ‘ஐ’ என்ற சின்ன ரோமன் எழுத்தை, தகவல் நிலையப் பலகைகளில் போடுவார்களே அந்த அடையாளத்தை, அச்சடித்து வைத்திருந்தார்கள். ‘ஐ’ போதாது, சதுரம் எதற்கு என்று வாங்குபவருக்குத் தெரிய ‘சேர்மானம்’ என்ற சொல்லே வேண்டும் என்றது ஆணையம். அச்சடித்த லேபல்கள் வீணாகும் என்று கூச்சல் எழுந்தது. கடைசியில் 2024 மார்ச் தொடக்கம்வரை அச்சடித்தவற்றைத் தீர்த்துக்கொள்ள விட்டார்கள்.

பார்ப்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் டிசைனுக்கு இது பெரிய வித்தியாசம். படம் எல்லா மொழிக்கும் பொது, சொல் அப்படியல்ல. பிரான்சுக்குப் பிரெஞ்சுச் சொல், ஜெர்மனிக்கு ஜெர்மன் சொல். ஒரே போத்தல் ஐந்து நாட்டுக்குப் போனால் ஐந்து சொல்லையும் நிரைப்படுத்த வேண்டும், அல்லது ஐந்து லேபல் அடிக்க வேண்டும். தகவலைத் திரைக்கு மாற்றியதே மொழிப் பிரச்சினையைத் தீர்க்கத்தான். வாசலில் ஒரு சொல்லை வைத்து அதே பிரச்சினையைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆணையமே இதை உணர்ந்து, 2025 மார்ச் 28 அன்று முன்வைத்த வைன் துறைச் சட்டத் திருத்த முன்மொழிவில் சொல்லுக்குப் பதில் பொதுவான ஒரு சின்னத்துக்கு இடம் கேட்டது. ஆகவே இப்போது ஒரு லேபல் செய்தால் அந்தச் சொல்லைத் தனி அடுக்கில் வையுங்கள், படத்தோடு உருக்கிவிட வேண்டாம்.

சதுரத்தை வரைவது

முகவரி எவ்வளவு நீளமோ சதுரம் அவ்வளவு நெருக்கமாகும். கியூஆரில் 40 அளவுகள் உண்டு. முதலாவது 21க்கு 21 கட்டங்கள், அடுத்தது ஒவ்வொன்றும் பக்கத்துக்கு நான்கு கட்டம் கூடும். பழுது தாங்கும் திறனில் நான்கு நிலைகள்: 7, 15, 25, 30 சதவீதம். 15 சதவீத நிலையில் இரண்டாவது அளவுக்குள் (25 கட்டம்) 26 எழுத்து அடங்கும், ஆறாவது அளவுக்குள் (41 கட்டம்) 106 எழுத்து. ஒரு கட்டத்தை அரை மில்லிமீற்றர் என்று வைத்தால் 25 கட்டத்துக்கு 12.5 மில்லிமீற்றர் போதும், 41 கட்டத்துக்கு 20.5 வேண்டும். சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விட்டாக வேண்டும் என்பதையும் சேர்த்தால் 16.5க்கும் 24.5க்கும் உள்ள வித்தியாசம். பின்லேபலில் எட்டு மில்லிமீற்றர் என்பது இரண்டு மூன்று வரி எழுத்து. ஆகவே முதலில் கேட்க வேண்டியது வர்ணத்தை அல்ல, முகவரியை.

அச்சகத்தில் நடக்கும் பிழைகள் பெரும்பாலும் இவை:

1. கறுப்பை நான்கு மையிலும் கலந்து கொடுப்பது. மைகள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழாவிட்டால் கட்டங்களின் ஓரம் கலங்கும். தனிக் கறுப்பு, நூறு சதவீதம்.

2. சதுரத்தைப் படக் கோப்பாக, ஜேபெக்காகக் கொடுப்பது. கோட்டு வடிவில், எஸ்விஜி அல்லது பிடிஎஃப் ஆகக் கொடுக்க வேண்டும்.

3. தங்க, வெள்ளித் தாளின்மேல் நேரே அடிப்பது. வெளிச்சம் பட்டால் கமரா திகைக்கும். கீழே ஒரு வெள்ளைப் பட்டை போடுங்கள்.

4. அழகுக்காகக் கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் திருப்புவது. சில போன்கள் வாசிக்கும், சில வாசிக்காது. அந்தச் ‘சில’வுக்காக முழு அச்சையும் பணயம் வைக்க வேண்டாம்.

போத்தல் உருண்டை என்பதை எல்லாரும் பயமுறுத்துவார்கள். வழக்கமான 750 மில்லிப் போத்தலின் விட்டம் ஏழரை சென்ரிமீற்றர் அளவில். அதில் இரண்டு சென்ரிமீற்றர்ச் சதுரம் ஓரங்களில் வளைவது பதினைந்து பாகை மட்டுமே, போன் சமாளித்துவிடும். சின்னப் போத்தலிலும், கழுத்து லேபலிலும்தான் கவனம் வேண்டும். மாதிரி அச்சைத் தட்டையாக மேசையில் வைத்துப் பார்க்காமல் போத்தலில் ஒட்டி, ஐஸ் வாளியில் வைத்து, ஈரத்தோடு மங்கிய வெளிச்சத்தில் பழைய போனால் பார்க்க வேண்டும்.

இணையப் பக்கத்தில் என்ன இருக்கக் கூடாது

சட்டம் இங்கே கண்டிப்பு. அந்தப் பக்கம் பயனரின் தரவைச் சேகரிக்கவோ பின்தொடரவோ கூடாது. விற்பனை, விளம்பரத் தகவலும் அதில் இருக்கக் கூடாது. கடைக்கு இணைப்பு, “எங்கள் தோட்டத்துக்கு வாருங்கள்” என்ற படம், பார்வையாளரைக் கணக்கிடும் நிரல் எதுவும் வேண்டாம். தயாரிப்பாளர் தன் கதையைச் சொல்ல விரும்பினால் தனியாக இன்னொரு கியூஆர்.

இதனால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கியூஆர் உருவாக்கிகள் பல ஆபத்தானவை. அவை பெரும்பாலும் தங்கள் குறுக்கு முகவரி வழியாகத் திருப்பிவிட்டு எத்தனை பேர், எங்கிருந்து என்று எண்ணும், சிலது இடையில் விளம்பரமும் காட்டும். இலவசக் காலம் முடிந்ததும் இணைப்பு செத்துவிடும். வைனோ நிலவறையில் பத்து, இருபது வருடம் கிடக்கக் கூடிய பொருள். அந்தப் பக்கத்தை அத்தனை வருடம் யார் உயிரோடு வைத்திருப்பது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளாத டிசைனர், லேபலுக்கு வாங்கிய காசை விடப் பெரிய பொறுப்பைத் தலையில் ஏற்றுகிறார். முகவரி தயாரிப்பாளரின் பெயரில் பதிவாக வேண்டும், உங்கள் பெயரில் அல்ல.

யாருக்குப் பொருந்தும், யாருக்கு இல்லை

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விற்கப்படும் வைன் எங்கே தயாரானாலும் பொருந்தும். சுவிற்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை, பிரித்தானியா 2020இல் வெளியேறிவிட்டது. லண்டனுக்குள் மட்டும் விற்பவருக்கு இது தேவையில்லை, சூரிச்சிலிருந்து ஜெர்மனிக்கு அனுப்புபவருக்குத் தேவை.

எதை ‘வைன்’ என்பது என்பதும் முக்கியம். ஐரோப்பியச் சட்டத்தில் தனியே ‘வைன்’ என்றால் புதுத் திராட்சையை நொதிக்க வைத்தது மட்டுமே. நம் பக்கத்து மரமுந்திரிப் பழத்திலோ அன்னாசியிலோ ஒருவர் பழ வைன் செய்து அனுப்பினால் இந்த விதி தொடாது, பழைய 16ஆம் உறுப்புரை விலக்குத்தான் பொருந்தும். கள்ளும் சாராயமும் அப்படியே. ஒவ்வாமை வரி மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. அதனால் யாழ்ப்பாணத்துப் பனஞ்சாராயத்துக்கோ நம்மூர்ப் பழ வைனுக்கோ “புதிய சட்டப்படி கியூஆர் கட்டாயம்” என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

உள்ளூர்ச் சந்தைக்கான லேபல் என்றால் கதை வேறு. அதற்கு நம் உணவுச் சட்டமும் மதுவரிச் சட்டமும் இருக்கின்றன. மதுபான விளம்பரத்தை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. பாரிஸ் வாடிக்கையாளருக்காகச் செய்த லேபலை “என் புதிய வேலை” என்று போத்தலோடு முகநூலில் போடுவதற்கு முன், அந்தச் சட்டத்தில் ‘விளம்பரம்’ என்பதற்குத் தந்திருக்கும் வரையறையை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.